கைப்பேசியில் உளவு மென்பொருள்: கண்டறிதலும் அகற்றுதலும்

அரசின் உதவித்தொகைகளைப் பயனாளிகளின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்க்கும் திட்டம் 2013 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்டது. யு.பி.ஐ. எனப்படும் பணப் பரிமாற்ற முறை 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் நாட்டின் பொருளாதார வாழ்வில் கைப்பேசிக்கு முன்னர் இல்லாத ஓர் இடத்தை அளித்துவிட்டன. உழவருக்குரிய உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், மாணவர் கல்வி உதவி ஆகியவை வரவு வைக்கப்பட்ட செய்தி கைப்பேசிக்கே வருகிறது. அக்கணக்கிலிருந்து பணம் எடுக்க உதவும் ஒருமுறைக் கடவு எண்ணும் அதே கருவிக்கு வந்து சேருகிறது. பணப்பெட்டியும் அதன் திறவுகோலும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டுள்ள நிலை இது.

இந்நிலையில், உடையவர் அறியாமல் கைப்பேசியினுள் அமர்ந்து, அதில் நிகழ்வனவற்றைப் பிறருக்குத் தெரிவிக்கும் உளவு மென்பொருள் ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் கருதத்தக்கதன்று. அது குடிமக்களின் சேமிப்பையும், அந்தரங்கத்தையும், சில வேளைகளில் உயிர்ப் பாதுகாப்பையும் தொடுவதாகும். அதனைக் கண்டறிவதற்கு ஐயம் மட்டும் போதாது. முறையான சோதனை தேவை. அகற்றுவதற்குச் செயலியை நீக்குவது மட்டும் போதாது. எதனை முதலில் செய்வது, எதனைப் பின்னர் செய்வது என்ற வரிசை தேவை. இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று வகைகள்

உளவு மென்பொருள்களை அவற்றின் நோக்கத்தையும் நுழையும் வழியையும் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, பணம் கவர்வதற்கானது. நம் நாட்டில் பொதுமக்கள் மிகுதியாக எதிர்கொள்வது இதுவே. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, மின் கட்டண நிலுவை, வங்கி வாடிக்கையாளர் விவரப் புதுப்பிப்பு, உழவர் உதவித்தொகைப் பதிவு எனப் பல வேடங்களில் வாட்ஸ்அப் வழியாக ஒரு கோப்பு வந்து சேரும். கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்னும் எழுத்துகளில் முடியும். அது படமோ கடிதமோ அன்று; ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் ஒரு செயலி ஆகும். அதனைத் திறந்து, அது கேட்கும் அனுமதிகளை அளித்தால், குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமை அதற்குக் கிடைத்துவிடும். அதன்பின் வங்கி அனுப்பும் கடவு எண் உடையவரின் கண்ணில் படும் முன்பே மோசடியாளரைச் சென்றடையும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் திருமண அழைப்பிதழ் வடிவில் பரவிய இத்தகைய கோப்புகள் பற்றிக் காவல் துறையினர் பொதுமக்களை எச்சரித்தனர்.

இரண்டாவது, அறிமுகமானவர்களால் வைக்கப்படுவது. கணவர், முன்னாள் துணைவர், உறவினர், சில வேளைகளில் முதலாளி ஆகியோர் கைப்பேசியைச் சில நிமிடங்கள் கையில் பெற்று, கண்காணிப்புச் செயலி ஒன்றை நிறுவி மறைத்துவிடுகின்றனர். அழைப்புப் பட்டியல், செய்திகள், இருப்பிடம், படங்கள் ஆகியவை அவர்களுக்குச் சென்றவண்ணம் இருக்கும். பல நேர்வுகளில் தனிச் செயலி கூடத் தேவைப்படுவதில்லை. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்திருப்பதும், வாட்ஸ்அப் கணக்கை மற்றொரு கணினியுடன் இணைத்துவிடுவதும் அதே பயனைத் தந்துவிடும்.

மூன்றாவது, மிக உயர்ந்த தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டு, குறிப்பிட்ட சிலரை மட்டும் நோக்கி ஏவப்படுவது. இஸ்ரேல் நாட்டின் என்.எஸ்.ஓ. நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூர் தமக்கு வந்த ஐயத்திற்குரிய இணைப்பை அழுத்தாமல், கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பியதால் அது முதன்முதலாக ஆராயப்பட்டது. பின்னர் வந்த வடிவங்களுக்கு உடையவர் எதனையும் அழுத்த வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு முறையிலிருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி உலகெங்கும் ஏறத்தாழ 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டன. அழைப்பை ஏற்காமலிருந்தாலும் மென்பொருள் உள்ளே புகுந்துவிடும்.

இந்தியாவில் இவ்விவகாரம் 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்த நீதிமன்றம், அதன் பணியை மேற்பார்வையிட ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. இரவீந்திரனை நியமித்தது. குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 29 கைப்பேசிகளுள் 5-இல் ஏதோ ஒருவகைத் தீய மென்பொருள் காணப்பட்டதாகவும், அது பெகாசஸ்தான் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வல்லுநர் குழுவிற்கே இவ்வகையை அடையாளம் காண்பது எளிதன்று என்பதை இது உணர்த்துகிறது.

அறிகுறிகளும் அவற்றின் எல்லையும்

மின்கலம் விரைவில் தீர்ந்துபோதல், பயன்படுத்தாத நேரத்திலும் கருவி சூடாதல், இணையத் தரவு மிகுதியாகச் செலவாதல், தானாக அணைந்து எழுதல் ஆகியவை உளவு மென்பொருளின் அறிகுறிகளாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. இவை முற்றிலும் தவறானவை அல்ல. ஆயினும் இவற்றை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் கூடாது. பழைய மின்கலம், கோடை வெயில், வலுவற்ற அலைவரிசை, ஒளிப்படக் காட்சிகள் ஆகியவையும் இதே விளைவுகளைத் தரும். மறுபுறம், திறமையாக எழுதப்பட்ட உளவு மென்பொருள் மிகக் குறைந்த மின்சாரத்தையும் தரவையும் செலவிட்டு அமைதியாக இயங்கும். அறிகுறி இருப்பதனால் நோய் உண்டு என்றோ, இல்லாததனால் நோய் இல்லை என்றோ சொல்ல இயலாது.

மேலும் உறுதியான குறிப்புகள் வேறு சில உள்ளன. வங்கியிலிருந்து வரவேண்டிய குறுஞ்செய்திகள் வராமல் நின்றுபோதல்; உடையவர் கோராத கடவு எண்கள் வருதல்; தொடர்பிலுள்ளவர்களுக்கு அவர் அனுப்பாத கோப்புகள் சென்றிருத்தல்; தனிமையில் பேசிய செய்தியை மற்றொருவர் அறிந்திருத்தல் ஆகியவை அத்தகையன. 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14, 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 ஆகியவை முதற்கொண்டு, ஒலிவாங்கியோ கேமராவோ இயங்கும்போது திரையின் மேற்பகுதியில் சிறு புள்ளியோ குறியோ தோன்றுகிறது. காரணமின்றி அது தோன்றுமாயின் எச்செயலி அதனைப் பயன்படுத்தியது என்று பார்த்தல் வேண்டும்.

*#21# போன்ற எண்களை அழுத்தினால் உளவு வெளிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்த எண் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளனவா என்பதை மட்டுமே காட்டும். உளவு மென்பொருளைக் காட்டாது. ஆயினும் அழைப்புத் திருப்பமும் ஒரு மோசடி வழியே ஆகும். இதன் பொருட்டே, *401# என்னும் எண்ணின் வழி அழைப்புகளைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

சோதிக்கும் முறை

எவ்வகை உளவு மென்பொருளும் ஏதேனும் ஓர் அதிகாரம் இன்றிச் செயல்பட இயலாது. முதலிரு வகைகளும் அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் கைப்பேசியின் அனுமதிகளிலிருந்தே பெறுகின்றன. ஆகவே, சோதனையின் அடிப்படை வினா இது: எந்தச் செயலிக்கு எந்த அதிகாரம் வழங்கப்பட்டுள்ளது, அதன் பணிக்கு அது தேவையா?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில், முகப்புத் திரையில் உள்ள படங்களை மட்டும் பார்த்தல் போதாது. மறைந்திருக்கும் செயலி அங்குத் தோன்றாது. அமைப்புகள் பகுதியில் எல்லாச் செயலிகளின் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். பெயரற்றவை, ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற பொதுப் பெயருடன் அண்மையில் நிறுவப்பட்டவை, உடையவர் நிறுவியதாக நினைவில்லாதவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கீழ்க்காணும் அதிகாரங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

1. அணுகல்தன்மை: பார்வைக் குறைவு உடையோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் பொருட்டு அமைக்கப்பட்ட வசதி இது. இதனைப் பெற்ற செயலி திரையில் தோன்றும் அனைத்தையும் படிக்கவும், உடையவருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் கூடும். உளவு மென்பொருள் மிகவும் விரும்பும் அதிகாரம் இதுவே.

2. சாதன நிர்வாகி: இதனைப் பெற்ற செயலியை வழக்கமான முறையில் நீக்க இயலாது.

3. அறிவிப்புகளைப் படித்தல், குறுஞ்செய்திகளைப் படித்தல்: கடவு எண்கள் களவு போவது இவ்வழியில்.

4. பிற செயலிகளின் மேல் தோன்றுதல்: வங்கிச் செயலியின் மீது போலித் திரையை விரித்துக் கடவுச்சொல்லைப் பெற இது உதவுகிறது.

5. அறியப்படாத இடங்களிலிருந்து செயலிகளை நிறுவுதல்: வாட்ஸ்அப், உலாவி ஆகியவற்றிற்கு இவ்வனுமதி வழங்கப்பட்டிருப்பின் அதனை நீக்கிவிடுதல் நலம்.

பிளே ஸ்டோரில் உள்ள ‘பிளே புரொடெக்ட்’ என்னும் காவல் வசதி அணைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். உடையவர் அணைக்காமல் அது அணைந்திருப்பது வலுவான சான்று.

ஐபோனில் வெளியிலிருந்து செயலிகளை நிறுவுவது கடினமாகையால், சோதனை வேறு இடங்களில் தொடங்க வேண்டும். பொது அமைப்புகளில் வி.பி.என்., சாதன நிர்வாகம் ஆகியவற்றின் கீழ் அறியாத விவரக்கோப்பு உள்ளதா, ஆப்பிள் கணக்கில் அறியாத கருவி ஏதேனும் இணைந்துள்ளதா என்று காண வேண்டும். 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16-இல் சேர்க்கப்பட்ட ‘சேஃப்டி செக்’ வசதி, இருப்பிடம் முதலிய விவரங்கள் யாருடன் பகிரப்படுகின்றன என்பதை ஒரே இடத்தில் காட்டுகிறது.

இருவகைக் கைப்பேசிகளுக்கும் பொதுவானது கணக்குச் சோதனை. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் கணக்கில் உள்நுழைந்துள்ள கருவிகள், மின்னஞ்சல் தானாகத் திருப்பி அனுப்பப்படும் முகவரி, வரைபடச் செயலியில் இருப்பிடப் பகிர்வு ஆகிய நான்கையும் பார்க்காமல் சோதனை நிறைவுற்றதாகக் கருதுதல் ஆகாது.

மூன்றாம் வகையை இவ்வாறு கண்டறிய இயலாது. அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் ஆய்வுக்கூடம் 2021-இல் வெளியிட்ட எம்.வி.டி. போன்ற கருவிகளைக் கொண்டு, கைப்பேசியின் காப்புப் பதிவில் உள்ள தடயங்களை வல்லுநர்கள் ஆராய்தல் வேண்டும்.

அகற்றுவதற்கு முன்

ஐயத்திற்குரிய செயலியைக் கண்டவுடன் அதனை நீக்கிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் அவசரமாக நீக்குவது மூன்று வகையில் கேடாக முடியலாம். பணம் களவு போய்க்கொண்டிருக்கும் வேளையில், நீக்குவதில் செலவாகும் நேரம் வங்கிக் கணக்கை முடக்குவதற்குரிய நேரமாகும். குற்றத்தை மெய்ப்பிக்கத் தேவையான சான்று செயலியுடன் அழிந்துபோகும். வீட்டிலுள்ள ஒருவரே அதனை வைத்திருப்பாராயின், தகவல் நின்றுபோவதை அவர் உடனே அறிவார், துன்புறுத்தல் மிகக்கூடும்.

ஆகவே பணக் களவு ஐயம் இருப்பின், முதலில் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, வைஃபையும் அணைத்து, இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறி, ரொக்கமாக எடுக்கப்படும் முன் அதனைத் தடுத்து நிறுத்துவதே இவ்வமைப்பின் நோக்கமாகையால், முதல் ஒரு மணி நேரம் மிகவும் மதிப்புடையது.

அடுத்து, சான்றுகளைக் காத்தல் வேண்டும். செயலியின் பெயர், அது பெற்றுள்ள அனுமதிகள், கோப்பு வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றை மற்றொரு கேமராவால் படமெடுத்துக்கொள்ளலாம். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றம் ஏற்பதற்குரிய சான்றிதழை 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு வகுத்துள்ளது.

குடும்பத்தில் கண்காணிக்கப்படும் பெண்ணுக்கு அறிவுரை கூறும் அலுவலர், அவர் பாதுகாப்பான இடத்தில் உள்ளாரா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஐயத்திற்குரிய கைப்பேசியிலிருந்து உதவி கோருமாறு சொல்லுதல் கூடாது. அவ்வேண்டுகோளையும் கண்காணிப்பவர் படிக்கக்கூடும். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அண்டை வீட்டார் கைப்பேசியிலிருந்தோ, பணியிடத்திலிருந்தோ அழைக்கச் செய்தல் தகும்.

அகற்றும் முறை

ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பாதுகாப்பு முறையில், அதாவது ‘சேஃப் மோட்’டில், மீண்டும் இயக்கினால் வெளியிலிருந்து நிறுவப்பட்ட செயலிகள் இயங்காமல் நிற்கும். நீக்க முயலும்போது திரையை மூடித் தடுக்கும் செயலியும் அப்போது செயலற்றிருக்கும். அந்நிலையில் அதற்குரிய அணுகல்தன்மை அனுமதியையும் சாதன நிர்வாகி உரிமையையும் விலக்கி, பின்னர் செயலியை நீக்கி, பதிவிறக்கப் பகுதியில் உள்ள மூலக் கோப்பையும் அழித்தல் வேண்டும். அடுத்து வழக்கமான முறையில் இயக்கி, பிளே புரொடெக்ட் வசதியால் சோதித்து, இயக்க மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும்.

செயலி மீண்டும் தோன்றுமாயின், அல்லது ஐயம் நீங்காவிடின், கருவியை ஆலை நிலைக்கு மீட்டமைப்பதே வழி. அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் சேமித்துக்கொள்ள வேண்டும். செயலிகளைப் பழைய காப்புப் பதிவிலிருந்து மீட்டால் நோயும் உடன் திரும்பிவரக்கூடும். அவற்றைப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக நிறுவுதல் வேண்டும்.

கருவி தூய்மையடைந்த பின்னரும் பணி முடிவதில்லை. களவு போன கடவுச்சொற்கள் பிறர் கையில் உள்ளன. மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் யு.பி.ஐ. எண்ணையும் மாற்றி, ஏனைய கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேறி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்துதல் வேண்டும். முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல் கடவுச்சொல்லே. ஏனையவற்றை மீட்டெடுக்கும் வழி அதன் மூலமே செல்கிறது. இம்மாற்றங்களைத் தூய்மையான கருவியிலிருந்தே செய்தல் வேண்டும். உளவு பார்க்கப்படும் கைப்பேசியில் புதிய கடவுச்சொல்லை எழுதுவது அதனையும் களவு கொடுப்பதற்குச் சமம்.

பெகாசஸ் போன்றவை குறித்து ஐயம் கொள்ளத்தக்க பணியில் உள்ளோர், வல்லுநர் பார்வைக்கு முன் கருவியை மீட்டமைத்தல் கூடாது. இத்தகைய மென்பொருள்கள் சில, கருவியை அணைத்து இயக்கினால் அகன்றுவிடும் இயல்புடையவை. ஆயினும் மீண்டும் ஏவப்படக்கூடும். ஐபோனில் 2022 முதலும், ஆண்ட்ராய்டு 16 இயங்கும் கருவிகளில் 2025 முதலும் கிடைக்கும் உயர் பாதுகாப்பு நிலைகள் இவர்களுக்கென அமைக்கப்பட்டவை.

உதவும் நிறுவனங்களும் சட்டமும்

2004-இல் தோன்றிய இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரத்தைத் தொடங்கியது. தீய மென்பொருளை நீக்கும் கருவிகளை இம்மையம் கட்டணமின்றி வழங்குகிறது. உளவு நீக்குவதாகக் கூறி விளம்பரம் செய்யும் அறியாத செயலிகளை நாடுவதினும் இது நம்பத்தக்கது. அவற்றுள் சிலவே உளவு மென்பொருளாக இருப்பதும் உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி, உடையவரின் இசைவின்றி ஒரு கருவியில் தீய நோக்குடன் இத்தகைய மென்பொருளைப் புகுத்துவது 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கோ, இரண்டிற்குமோ உரிய குற்றமாகும். ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 78-ஆம் பிரிவு பின்தொடர்தல் குற்றமாக வகைப்படுத்துகிறது. கணவர் என்ற உறவு இசைவாகிவிடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்துள்ளது.

அலுவலர்களுக்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. உளவு மென்பொருள் தாக்குதல் உள்ளிட்ட நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த நெறிமுறைகள் அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்துகின்றன. பயனாளிகளின் பட்டியலும் அலுவலகக் கடிதங்களும் பணியாளர்களின் சொந்தக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே செல்லும் வழக்கம் நிலவுமிடத்தில், ஒருவரின் கைப்பேசியில் புகுந்த உளவு ஊராரின் விவரங்களையும் கவர்ந்துவிடும். அதனை மறைப்பது தவற்றைப் பெருக்குவதாகும்.

முடிவுரை

கிராமப்புற மக்களுக்கு எண்ணியல் எழுத்தறிவு அளிக்க 2017-இல் அரசு ஒப்புதல் அளித்த இயக்கம் 2024 மார்ச்சில் நிறைவுற்றபோது, 6 கோடிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். கைப்பேசியை இயக்கவும், பணம் செலுத்தவும், அரசுச் சேவையைப் பெறவும் அவர்கள் கற்றனர். அடுத்து அளிக்க வேண்டிய பாடம், கைப்பேசி கேட்கும் அனுமதியைப் படித்துப் பார்த்து, தேவையற்றதை மறுக்கக் கற்பதாகும். கேட்கப்பட்ட அனைத்திற்கும் ‘சரி’ என்று அழுத்தும் பழக்கமே முதல் வகை உளவு மென்பொருள் நுழையும் வாயில்.

இப்பாடத்திற்கு ஆங்கிலப் புலமையோ, விலை மிகுந்த கருவியோ தேவையில்லை. மாதத்திற்கு ஒருமுறை அனுமதிகளைப் பார்வையிடுவதற்குக் கால் மணி நேரம் போதுமானது. ஊராட்சி அலுவலகம், பொதுச் சேவை மையம், மகளிர் சுய உதவிக் குழு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை இதனைச் செய்துகாட்டும் இடங்களாக அமையக்கூடும். ஏமாற்றப்பட்டவரை அறியாமைக்காக நகையாமல், அவர் அச்சமின்றி முதல் மணி நேரத்திலேயே வந்து சொல்லக்கூடிய சூழலை இவ்விடங்கள் ஏற்படுத்துமாயின், இழப்புகளுள் பெரும்பகுதியைத் தடுத்தல் இயலும்.